எதைச் சேமிப்பது, எதை விடுவது: ஜாவாவில் சீரியலைசேஷனை நம் தேவைக்கேற்ப அமைத்தல்

நிரல் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அதன் ஆப்ஜெக்டுகளுக்கு, அதாவது தரவைச் சுமந்து நினைவகத்தில் இருக்கும் உருப்படிகளுக்கு, ஆயுள். நிரலை மூடினாலோ மின்சாரம் போனாலோ நினைவகத்தில் இருந்த அனைத்தும் போய்விடும். அவற்றை ஒரு கோப்பில் வைக்கவோ வேறொரு கணினிக்கு அனுப்பவோ வேண்டுமானால், வரிசையான பைட்டுகளாக மாற்றியாக வேண்டும். பிறகு அந்தப் பைட்டுகளைப் படித்து ஆப்ஜெக்டைப் பழைய நிலையிலேயே மீண்டும் உருவாக்க வேண்டும். முதல் வேலைக்குச் சீரியலைசேஷன் என்றும் அடுத்ததற்கு டீசீரியலைசேஷன் என்றும் பெயர். ஜாவாவில் இந்த வசதி 1997-இல் வந்த 1.1 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆப்ஜெக்டின் வார்ப்பான கிளாஸின் தலைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்பதால், தொடக்கப் பாடங்களில் இதை அரைப் பக்கத்தில் முடித்துவிடுவது வழக்கம். அந்தத் தானியங்கி ஏற்பாடு எங்கே போதாமல் போகிறது, அங்கே நாம் எப்படித் தலையிடுவது என்பதை இங்கே பார்ப்போம்.

எடுத்துக்காட்டை வெளியே தேட வேண்டியதில்லை. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று தமிழ் பேசும் மக்கள் நிறைந்த இந்த எல்லைப் பகுதியில், பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் ஊற்றும் காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியொரு சொசைட்டிக்கு நாம் ஜாவாவில் சிறு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பால் ஊற்றியதும் ‘பால்பதிவு’ என்ற கிளாஸில் ஓர் ஆப்ஜெக்ட் உருவாகிறது. அதில் உறுப்பினர் எண், பெயர், காலையா மாலையா என்ற வேளை, லிட்டர், கொழுப்புச் சதவீதம், பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் ரீடிங் ஆகியவை இருக்கின்றன. இவற்றை வைத்துக் கணக்கிட்ட எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பற்ற திடப்பொருளின் சதவீதமும், தரவேண்டிய தொகையும் அதிலேயே இருக்கின்றன. மின்னணுத் தராசிலிருந்து எடையை வாங்கும் இணைப்பைக் குறிக்கும் ஒரு புலமும் (ஆப்ஜெக்டில் ஒரு மதிப்பை வைக்கும் இடம்) இருக்கிறது.

தானியங்கி முறை என்ன செய்கிறது

‘பால்பதிவு’ கிளாஸ் சீரியலைசபிள் என்ற இன்டர்ஃபேஸை ஏற்றுக்கொள்கிறது என்று அறிவித்தால் போதும். அந்த இன்டர்ஃபேஸில் மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் நிரல்பகுதி) எதுவும் இல்லை. ‘இந்த கிளாஸை எழுதலாம்’ என்ற அனுமதிச் சீட்டு மட்டுமே அது. இதன்பின் பைட்டுகளை எழுதும் ஸ்ட்ரீமான ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீமிடம் ஆப்ஜெக்டைக் கொடுத்தால், அது முதலில் 172, 237, 0, 5 என்ற நான்கு பைட்டுகளை எழுதும். முதல் இரண்டும் இது ஜாவாவின் சீரியலைசேஷன் கோப்பு என்பதற்கான அடையாளம்; பின்னிரண்டும் வடிவத்தின் பதிப்பெண். அடுத்து கிளாஸின் பெயர், புலங்களின் பெயர்கள், அவற்றின் வகைகள், கடைசியாக மதிப்புகள் என்று வரிசையாக எழுதுகிறது. ஒரு புலம் வேறோர் ஆப்ஜெக்டைச் சுட்டினால் அதையும் போய் எழுதுகிறது. அது சுட்டுவதையும் எழுதுகிறது. ஒரே ஆப்ஜெக்டை இரண்டு இடங்களில் சுட்டியிருந்தால், இரண்டாம் முறை முழுவதையும் எழுதாமல் ‘முன்பே எழுதிய இத்தனையாவது’ என்ற சிறு குறிப்பை மட்டும் வைக்கிறது. ஆப்ஜெக்டுகள் ஒன்றையொன்று வட்டமாகச் சுட்டிக்கொண்டிருந்தாலும் முடிவின்றிச் சுற்றாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

இந்த ஏற்பாட்டிலேயே ஒரு கண்ணி உண்டு. காலையில் ஒரு பதிவை எழுதிவிட்டீர்கள். லிட்டரைத் தவறாகப் பதிந்துவிட்டோம் என்று தெரிந்து, அதே ஆப்ஜெக்டில் எண்ணைத் திருத்தி, மூடாமல் வைத்திருக்கும் அதே ஸ்ட்ரீமில் மீண்டும் எழுதுகிறீர்கள் என்று கொள்வோம். ஸ்ட்ரீமின் பார்வையில் அது ஏற்கெனவே எழுதிய ஆப்ஜெக்ட். ஆகவே குறிப்பை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். திருத்திய எண் கோப்புக்குள் போகவே போகாது, பிழைச் செய்தியும் வராது. ஸ்ட்ரீமின் ரீசெட் என்ற மெத்தடை அழைத்து அதன் நினைவை அழித்தபின் எழுதினால்தான் புதிய மதிப்பு பதிவாகும்.

இனி நம் நிரலை ஓட்டினால், முதல் முயற்சியிலேயே நாட்சீரியலைசபிள்எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். தராசு இணைப்புதான் காரணம். இயங்குதளம் அந்த நேரத்துக்கென்று தந்த ஒரு பிடிமானம் அது. நாளைக் காலை வேறு பிடிமானம் கிடைக்கும். அதைப் பைட்டுகளாக எழுதுவதில் பொருளே இல்லை என்பதால் அந்த கிளாஸுக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. புலத்தின் அறிவிப்பில் டிரான்சியன்ட் என்ற சொல்லைச் சேர்த்தால், எழுதும்போது ஜாவா அந்தப் புலத்தைத் தாண்டிப் போய்விடும். இதுதான் நாம் செய்யும் முதல் தலையீடு.

பிழை வந்த இடத்தில் மட்டும் டிரான்சியன்டை ஒட்டிவிட்டு நகர்வதே பெரும்பாலோர் செய்வது. பிழை வராத புலங்களையும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எஸ்.என்.எஃப். புலத்தையே பாருங்கள். கொழுப்பும் லாக்டோமீட்டர் ரீடிங்கும் தெரிந்தால் அதைக் கணக்கிட்டுவிடலாம்: ரீடிங்கை நான்கால் வகுத்து, கொழுப்பில் கால் பங்கைக் கூட்டி, அதனோடு ஒரு மாறிலியைச் சேர்க்க வேண்டும். ரீடிங் 28, கொழுப்பு 3.8, மாறிலி 0.44 என்றால் 7 + 0.95 + 0.44, அதாவது 8.39 வரும். ஆனால் இந்த மாறிலி எல்லா இடத்திலும் ஒன்றல்ல; அதே பாலுக்கு 0.36 எடுத்துக் கணக்கிட்டால் 8.31 வரும். கோப்பில் 8.39 என்ற விடையைச் சேமித்து வைத்துவிட்டு நிரலில் மாறிலியை மாற்றினால், பழைய பதிவு ஒரு வாய்பாட்டின் விடையையும் புதிய பதிவு இன்னொன்றின் விடையையும் காட்டும். எது எதிலிருந்து வந்தது என்று பின்னால் சொல்ல முடியாது. அளந்தது கொழுப்பும் ரீடிங்கும்; கோப்பில் இருக்க வேண்டியவையும் அவையே. கணக்கிட்டுப் பெறக்கூடியதை டிரான்சியன்ட் ஆக்கிவிட்டு, படித்தபின் கணக்கிட்டுக்கொள்வதே முறை. அதற்கு மாறாக, தொகையைச் சேமிக்கத்தான் வேண்டும். அன்றைய விலைப்பட்டியல்படி உறுப்பினருக்கு இவ்வளவு தருகிறோம் என்று சீட்டு அடித்துக் கொடுத்தாகிவிட்டது. அது இப்போது வெறும் கணக்கு விடையாக இல்லாமல் நடந்த செய்தியாகிவிட்டது. ஒரு புலம் எந்த வகை என்று ஜாவாவுக்குத் தெரியாது. பால் வாங்கி விற்கும் முறை தெரிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாமே எழுதி, நாமே படித்தல்

டிரான்சியன்ட் புலங்கள் படிக்கும்போது எப்படி இருக்கும்? எண்ணாக இருந்தால் 0, ஆப்ஜெக்டாக இருந்தால் வெற்று, பூலியனாக இருந்தால் பொய். ‘அறிவிப்பிலேயே ஒரு புதிய பட்டியலை உருவாக்கி வைத்திருக்கிறேனே, அது எங்கே போயிற்று?’ என்று புதியவர்கள் கேட்பதுண்டு. டீசீரியலைசேஷனில் அந்த கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர், அதாவது புதிய ஆப்ஜெக்டை உருவாக்கும்போது வழக்கமாக ஓடும் பகுதி, ஓடுவதில்லை. அதனால் புல அறிவிப்பில் கொடுத்த தொடக்க மதிப்புகளும் அமையமாட்டா. பரம்பரையில் மேலே போய், சீரியலைசபிள் அல்லாத முதல் மூதாதை கிளாஸின் அளபுருவற்ற (உள்ளீடு எதையும் பெறாத) கன்ஸ்ட்ரக்டர் மட்டுமே ஓடும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், இனி வருபவற்றில் பாதி தானாகவே விளங்கும்.

ஓடாத கன்ஸ்ட்ரக்டரின் வேலையைச் செய்ய ஜாவா இரண்டு சிறப்பு மெத்தடுகளுக்கு இடம் தந்திருக்கிறது. ரைட்ஆப்ஜெக்ட் என்ற பெயரில், ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீமை அளபுருவாகப் பெற்று எதையும் திருப்பித் தராத பிரைவேட் (அந்த கிளாஸுக்குள் மட்டும் தெரியும்) மெத்தட் ஒன்று கிளாஸில் இருந்தால், எழுதும் நேரத்தில் தானியங்கி முறைக்குப் பதிலாக அது அழைக்கப்படும். அதற்கு இணையான ரீட்ஆப்ஜெக்ட், ஆப்ஜெக்ட்இன்புட்ஸ்ட்ரீமைப் பெற்றுக்கொள்ளும். இவை எந்த இன்டர்ஃபேஸிலும் அறிவிக்கப்படாதவை. பெயரையும் அளபுருவையும் பார்த்து ஜாவா தானாகவே கண்டுபிடிக்கிறது. அதனால் ஓர் எழுத்து பிழையானாலும், பிரைவேட் என்பதைப் பப்ளிக் என்று போட்டாலும், அது ஒரு சாதாரண மெத்தடாகக் கிடக்கும். தானியங்கி முறையே தொடர்ந்து ஓடும். 2020-இல் வந்த ஜாவா 14-இல், இத்தகைய மெத்தடின் தலையில் இடுவதற்கென்று சீரியல் என்ற குறிப்பைச் சேர்த்தார்கள். கம்பைலர் சரிபார்க்க உதவும் என்பதால் அதை இட்டு எழுதுவது நல்ல பழக்கம்.

ரைட்ஆப்ஜெக்டுக்குள் முதல் வரியாக டிஃபால்ட்ரைட்ஆப்ஜெக்டை அழைப்பது வழக்கம். டிரான்சியன்ட் அல்லாத புலங்களை அது எழுதிவிடும். கூடுதலாக வேண்டியவற்றை அதன்பின் நாம் எழுதலாம். ரீட்ஆப்ஜெக்டிலும் அதே வரிசை: முதலில் டிஃபால்ட்ரீட்ஆப்ஜெக்ட், பிறகு நாம் எழுதியவை, எழுதிய அதே ஒழுங்கில். நம் எடுத்துக்காட்டில் ரீட்ஆப்ஜெக்டின் இறுதியில் எஸ்.என்.எஃப்.-ஐக் கணக்கிட்டு அதற்குரிய புலத்தில் வைத்தால் போதும்.

ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதை எண்களிலேயே பார்ப்போம். கொழுப்பைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக 38 என்றும், ரீடிங்கை 28 என்றும் இரண்டு முழு எண்களை நாமே எழுதுகிறோம். படிக்கும்போது முதலில் ரீடிங், அடுத்து கொழுப்பு என்று மாற்றிப் படித்துவிடுகிறோம். நாமே எழுதும் இந்த மதிப்புகளோடு பெயர் எதுவும் போவதில்லை. நான்கு நான்கு பைட்டுகளாகத்தான் கிடக்கின்றன. ஆகவே ஜாவாவுக்கு எந்தத் தவறும் தெரியாது. கொழுப்பு 2.8 ஆகவும் ரீடிங் 38 ஆகவும் உள்ளே வந்துவிடும். 2.8 என்ற கொழுப்பைப் பார்த்து யாரும் சந்தேகப்படமாட்டார்கள். எஸ்.என்.எஃப். மட்டும் 10.64 என்று ஏறி நிற்கும்.

இப்படிப்பட்டவற்றைப் பிடிக்கத்தான் ரீட்ஆப்ஜெக்டில் சரிபார்ப்பு வேண்டும். லிட்டர் சுழியத்துக்குக் கீழே இருக்கக் கூடாது, ரீடிங் ஏற்கத்தக்க எல்லைக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைக் கன்ஸ்ட்ரக்டரில் கவனமாக எழுதியிருப்போம். கோப்பிலிருந்து வரும் ஆப்ஜெக்டோ அந்த வாசல் வழியாக வருவதே இல்லை. ஆகவே அதே நிபந்தனைகளை ரீட்ஆப்ஜெக்டிலும் வைத்து, பொருந்தாவிட்டால் இன்வேலிட்ஆப்ஜெக்ட்எக்ஸெப்ஷனை எறிய வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே குறியீட்டை எழுதாமல், தனி பிரைவேட் மெத்தடாக வைத்து இரண்டிலிருந்தும் அழைப்பது வசதி.

பதிவுகளின் தொகுப்பைச் சேமிக்கும்போது இந்த மெத்தடுகளின் பயன் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு நாளின் பதிவுகளை, ஒவ்வொன்றும் அடுத்ததைச் சுட்டும் சங்கிலியாக நாமே அமைத்திருக்கிறோம் என்று கொள்வோம். தானியங்கி முறை முதல் பதிவை எழுதத் தொடங்கி, அது முடியும் முன்பே அடுத்ததற்குள் நுழைந்து, அதற்குள் இருந்து மூன்றாவதற்குள் நுழைந்து, இப்படியே உள்ளே உள்ளே போகும். சங்கிலி நீளமாக இருந்தால் ஸ்டாக் (முடியாமல் நிற்கும் அழைப்புகளை வைத்திருக்கும் நினைவிடம்) நிரம்பி நிரல் விழுந்துவிடும். அதற்குப் பதிலாக ரைட்ஆப்ஜெக்டில் எத்தனை பதிவுகள் என்ற எண்ணை முதலில் எழுதி, பிறகு ஒவ்வொரு பதிவின் மதிப்புகளையும் ஒரு வளையத்தில் எழுதலாம். படிக்கும்போது அந்த எண்ணிக்கை வரை படித்து, சங்கிலியை நாமே கோக்கலாம். உறுப்பினர் எண்ணைக் கொண்டு தேடுவதற்காக வைத்திருக்கும் அட்டவணையையும் அப்போதே மறுபடி கட்டிக்கொள்ளலாம். கோப்பும் சிறிதாகும். முக்கியமாக, நாளை சங்கிலியை விட்டுவிட்டு அரே ஒன்றுக்கு மாறினாலும் பழைய கோப்புகள் படிக்கப்படும்.

பெயர்களைப் பற்றி இந்தப் பகுதிக்கென்றே சொல்ல வேண்டிய ஒரு சிறு செய்தி உண்டு. ஒரே சொசைட்டியில் ஒருவர் பெயர் தமிழிலும் அடுத்தவர் பெயர் மலையாளத்திலும் இருக்கும். இரண்டையும் ஜாவா சிக்கலின்றி எழுதும். ஆனால் இரு மொழிகளிலும் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் மூன்று பைட்டுகள் ஆகும். ‘மீனாட்சி’ என்பதில் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சேர்த்து எட்டுக் குறியீட்டுப் புள்ளிகள். ஆகவே 24 பைட்டுகள். ரைட்யூடிஎஃப் என்ற மெத்தடால் எழுதினால் நீளத்தைக் குறிக்க முன்னால் இரண்டு பைட்டுகள் சேர்ந்து 26 ஆகும். அந்த இரண்டு பைட்டுகளில் 65,535-க்கு மேல் குறிக்க இயலாது. பெயருக்கு இது தாராளம்; நீண்ட குறிப்புரைகளை எழுதுகிறவர்கள் ஸ்ட்ரீமுக்கே உரிய, அதே பெயருள்ள ரைட்ஆப்ஜெக்ட் மெத்தட் வழியாகச் சரத்தை எழுதிவிடுவது நல்லது, அதற்கு இந்த எல்லை இல்லை.

கிளாஸ் மாறும்போது பழைய கோப்பு

சேமிப்பதைவிடக் கடினமானது, ஓராண்டுக்கு முன் சேமித்ததைப் படிப்பது. ஒவ்வொரு சீரியலைசபிள் கிளாஸுக்கும் சீரியல்வெர்ஷன்யூஐடி என்ற 64-பிட் எண் ஒன்று உண்டு. கோப்பில் அதுவும் எழுதப்படுகிறது. படிக்கும்போது கோப்பில் உள்ள எண்ணும் கிளாஸில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் இன்வேலிட்கிளாஸ்எக்ஸெப்ஷன் வரும். நாம் அந்த எண்ணை அறிவிக்காவிட்டால் கிளாஸின் பெயர், இன்டர்ஃபேஸ்கள், புலங்கள், மெத்தடுகள் ஆகியவற்றிலிருந்து ஜாவா தானே கணக்கிடும். அதனால் புலம் எதையும் தொடாமல் ஒரு பப்ளிக் மெத்தடை மட்டும் சேர்த்தாலே எண் மாறி, நேற்றுவரை படித்த கோப்பு இன்று படிக்காமல் போகலாம். முதல் நாளே 1 என்று நாமாக அறிவித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எண்ணை நிலையாக வைத்தபின், எந்த மாற்றம் பொருந்தும், எது பொருந்தாது என்று தெரிந்திருக்க வேண்டும். புதிய புலம் சேர்க்கலாம். பழைய கோப்பில் அது இல்லாததால் 0 அல்லது வெற்று என்று வரும். ஒரு புலத்தை நீக்கலாம்; கோப்பில் உள்ள மதிப்பு கண்டுகொள்ளப்படாது. முழு எண்ணாக இருந்த புலத்தைத் தசம எண்ணாக மாற்றினால் படிக்காது. நம் சொசைட்டி இதுவரை பசும்பால் மட்டும் வாங்கிவந்து, இப்போது எருமைப் பாலும் வாங்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘பால்வகை’ என்ற புலம் சேர்கிறது. பழைய பதிவுகளில் அது வெற்றாக வரும். ரீட்ஆப்ஜெக்டில் வெற்றாக இருந்தால் ‘பசு’ என்று நிரப்பிவிடலாம். எண்ணாக உள்ள புதிய புலத்துக்கு இது போதாது, ஏனெனில் 0 என்பது உண்மையிலேயே பதிந்த மதிப்பா, இல்லாததால் வந்ததா என்று தெரியாது. அப்போது டிஃபால்ட்ரீட்ஆப்ஜெக்டை விட்டுவிட்டு ரீட்ஃபீல்ட்ஸ் என்ற மெத்தடைப் பயன்படுத்தினால், குறிப்பிட்ட புலம் கோப்பில் இருந்ததா என்றே கேட்டுப் பார்க்கலாம்.

வேறு ஆப்ஜெக்டை முன்னிறுத்துதல்

ரைட்ரீப்ளேஸ் என்ற மெத்தட், ‘எனக்குப் பதிலாக இதை எழுது’ என்று வேறோர் ஆப்ஜெக்டைத் தரும். ரீட்ரிசால்வ், படித்து முடித்த ஆப்ஜெக்டுக்குப் பதிலாக வேறொன்றைத் தரும். நிரல் முழுவதற்கும் ஒரே விலைப்பட்டியல்தான் இருக்க வேண்டும் என்றால், கோப்பிலிருந்து இரண்டாவது பட்டியல் ஒன்று முளைத்துவிடாமல் ரீட்ரிசால்வில் ஏற்கெனவே உள்ளதையே திருப்பித் தரலாம். இரண்டையும் சேர்த்து, புலங்களை மட்டும் சுமக்கும் சிறு பதிலி கிளாஸை எழுதவைத்து, படிக்கும்போது அந்தப் பதிலியின் ரீட்ரிசால்வ் முறையான கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும்படி செய்வதும் உண்டு. கன்ஸ்ட்ரக்டரின் சரிபார்ப்புகள் அப்படியே ஓடும்; ரீட்ஆப்ஜெக்டுக்குள் மதிப்பிட முடியாத ஃபைனல் (ஒருமுறை மட்டுமே மதிப்பு பெறும்) புலங்களும் சிக்கலின்றி அமையும். என்னைக் கேட்டால், கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டியிருந்தாலும் இதுவே தூய்மையான வழி.

2021-இல் ஜாவா 16-இல் நிலையான அம்சமாக வந்த ரெக்கார்ட் வகையில் இந்த உழைப்பும் குறைந்துவிட்டது. ரெக்கார்டை டீசீரியலைஸ் செய்யும்போது அதன் முதன்மைக் கன்ஸ்ட்ரக்டரே ஓடும். அங்கே ரைட்ஆப்ஜெக்ட், ரீட்ஆப்ஜெக்ட் எழுதினாலும் ஜாவா அவற்றைப் பார்க்காது. வேளையைக் குறிக்கும் ஈனம் (enum, காலை, மாலை என்று குறித்த சில மாறிலிகளை மட்டுமே ஏற்பது) வகையும் அப்படித்தான்: மாறிலியின் பெயர் மட்டுமே எழுதப்படும். ‘காலை’ என்ற மாறிலியை ‘முற்பகல்’ என்று பிற்பாடு பெயர் மாற்றினால் பழைய கோப்பு படிக்காது. எக்ஸ்டர்னலைசபிள் என்ற இன்டர்ஃபேஸும் உண்டு. அதில் எல்லாவற்றையும் நாமே எழுதி நாமே படிக்க வேண்டும், அளபுருவற்ற பப்ளிக் கன்ஸ்ட்ரக்டரும் கட்டாயம். தொடக்கநிலையில் அதற்குத் தேவை அரிது.

யாருடைய கோப்பு

ரீட்ஆப்ஜெக்டில் எவ்வளவு கவனமாகச் சரிபார்த்தாலும் அடங்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. எந்த கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்குவது என்பதைத் தீர்மானிப்பது கோப்பு. நாம் ‘பால்பதிவு’ வரும் என்று எதிர்பார்த்து வகைமாற்றம் செய்வது, ஆப்ஜெக்ட் உருவாகி அதன் ரீட்ஆப்ஜெக்டும் ஓடி முடிந்தபிறகுதான். 2015-இல், பரவலாகப் பயன்பட்ட அப்பாச்சி காமன்ஸ் கலெக்ஷன்ஸ் நூலகத்தின் கிளாஸ்களைக் கோத்துத் தயாரித்த பைட்டுகளைப் படிக்க வைத்தாலே அந்தக் கணினியில் விரும்பிய கட்டளையை ஓட்டலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2017-இல் வந்த ஜாவா 9 இதற்கு ஒரு வடிகட்டியைத் தந்தது. இன்னின்ன கிளாஸ்களை மட்டும் அனுமதி என்று ஸ்ட்ரீமிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பைத்தான் மொழியில் இதே வேலையைச் செய்யும் பிக்கிளிலும் இதே நிலைதான். அங்கே கெட்ஸ்டேட், செட்ஸ்டேட் என்ற மெத்தடுகள் நாம் பார்த்த இரண்டின் வேலையைச் செய்கின்றன. நம்பகமில்லாத தரவைப் படிக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதன் அதிகாரபூர்வ ஆவணத்திலேயே இருக்கிறது.

ஆகவே சொசைட்டிக் கணினி தானே எழுதித் தானே படிக்கும் கோப்புக்கு ஜாவாவின் சீரியலைசேஷன் பொருந்தும். வெளியே அனுப்பும் அல்லது வெளியிலிருந்து வாங்கும் தரவுக்கு ஜேசன் (JSON) போன்ற உரை வடிவமே ஏற்றது. மறுமுனையில் ஜாவாதான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதில் இல்லை. எந்த வடிவமானாலும், நிரலின் ஒவ்வொரு பதிப்பும் எழுதிய ஒரு மாதிரிக் கோப்பைச் சோதனைகளோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸில் கைவைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்புகள் அனைத்தையும் படித்து, 3.8 என்று எழுதிய கொழுப்பு 3.8 ஆகவே வருகிறதா, பழைய பதிவின் பால்வகை ‘பசு’ என்று நிரம்புகிறதா என்று சோதனையே பார்த்துச் சொல்லிவிடும்.